தம்பியை யார் கூட்டிக்கொண்டு போவது?

போன மாசியில், அம்மாவின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். பாரம் தள்ளக் கூடாது, படி ஏறக் கூடாது, குந்தியிருக்கக் கூடாது. தனக்கு என்ன மருந்து என்றுகூடக் கேட்காமல், "அப்ப தம்பியை ஆர் கூட்டிக்கொண்டு போறது, டொக்டர்?" என்று கேட்டுவிட்டார் அம்மா. டொக்டர் பாவம், அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

தம்பிக்கு 2009 இல், போரின் கடைசியில், ஷெல் துண்டு முதுகில் பட்டது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. முள்ளந்தண்டு வடம் சேதப்பட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்றிலிருந்து அவன் வெளியே போன எல்லாப் பயணத்திலும் சக்கர நாற்காலியைத் தள்ளியது அம்மாவின் கைதான். கிளினிக், பிரதேச செயலகம், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில், கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். 2012 குடிசன மதிப்பீட்டில், இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதமானோர் பார்வை, கேட்டல், நடை, நினைவு என்று ஏதோ ஒன்றில் சிரமம் உள்ளவர்களாகப் பதிவானார்கள். எங்கள் பக்கத்தில் அதோடு ஷெல்லும் மிதிவெடியும் தந்த காயங்கள் வேறு. அந்தக் காயக்காரர்களுக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது. தள்ளிக்கொண்டு போன அம்மாக்களுக்கு அறுபத்தைந்து, எழுபது. எங்கள் வீட்டுக்கு மாசியில் வந்த கேள்வி மற்ற வீடுகளுக்கும் இன்றோ நாளையோ வரும். அதனால்தான் நாங்கள் பார்த்த வழிகளை எழுதி வைக்கிறேன்.

அந்தக் கிழமையே நானும் தங்கையும் மெல்பேர்னில் இருக்கும் அண்ணாவும் வீடியோ கோலில் கூடிப் பேசினோம். ஆளை வைப்போமா, சங்கத்தில் சேர்ப்போமா, பகல் நிலையத்துக்கு விடுவோமா, யாழ்ப்பாணத்துப் பெரியம்மா சொல்வதுபோல இல்லம் ஒன்றில் சேர்ப்போமா? முக்கால் மணித்தியாலம் போனது. தம்பி அதே அறையில் போன் நோண்டிக்கொண்டிருந்தான். கடைசியில் தலையைத் தூக்கி, "நான் என்ன பார்சலா? எங்க போகோணும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றான்.

வெட்கமாகப் போய்விட்டது. கேட்டோம். மூன்று இடம் சொன்னான். பின்னேரத்தில் முத்தையன்கட்டுக் குளக்கட்டு. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயில். மூன்றாவதுதான் எங்களில் யாரும் எதிர்பாராதது: சந்தியில் இருக்கும் சலூன். இத்தனை வருடமும் சலூன்காரர் வீட்டுக்கு வந்துதான் முடி வெட்டுகிறார், காசும் கூட வாங்குவதில்லை. "அவர் வாறது நல்லம்தான். ஆனா சலூனில இருந்து பேப்பர் பாத்து, நாலு பேற்ற கதை கேட்டு வெட்டுறது வேற" என்றான். கிளினிக்கும் பிரதேச செயலகமும் அந்தப் பட்டியலில் இல்லை. அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போன இடங்களில் பாதி அவை.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது வழிகளின் நிறம் மாறியது.

இல்லத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பெரியம்மாவின் மனதுக்காக ஒன்றைப் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம். சுத்தமாக இருந்தது, சாப்பாடு நேரத்துக்கு வந்தது, மண்டபத்தில் டிவி ஓடியது. வெளியே எப்போது போவார்கள் என்று கேட்டேன். வருடத்தில் ஒரு சுற்றுலா என்றார்கள். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 19 ஆவது உறுப்புரை, எங்கே யாரோடு வாழ்வது என்பதை அவரவரே தெரிவுசெய்ய வேண்டும் என்கிறது. ஊரோடு சேர்ந்து வாழ்வதற்குத் தேவையான ஆள் உதவியும் கிடைக்க வேண்டும் என்கிறது. வீட்டில் பார்க்க ஒருவருமே இல்லாதவருக்கு இல்லம் உயிரைக் காக்கும், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தம்பிக்கு அம்மாவின் முழங்கால்தான் போனது, ஊர் போகவில்லை.

அடுத்தது வீட்டு ஆட்கள். தங்கையின் கணவர் நல்ல மனிதர், நான் வாறேன் என்றார். செலவு இல்லை, நம்பிக்கை பற்றிய யோசனை இல்லை, அவசரத்துக்கு உடம்பு விஷயம் தெரிந்தவர். எல்லாரும் முதலில் இதைத்தான் பிடிப்பார்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, வீட்டுக்காரர் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டோம். பத்தொன்பது வயதுக்குப் பிறகு தம்பி ஒரு தேத்தண்ணிக் கடையில் அம்மா இல்லாமல் இருந்ததில்லை. அம்மா பக்கத்தில் நிற்க எந்த ஆம்பிளை சிநேகிதனோடு பகிடி விடுவான்? மச்சான் வந்தாலும் பாதி அதே கதைதான். வயலுக்குத் தண்ணி கட்டப் போக வேண்டும் என்று மச்சான் மணியைப் பார்த்தால், தம்பியின் பின்னேரம் அத்தோடு முடிந்தது. உதவி கேட்கும் ஒவ்வொரு முறையும் கடமைப்பட்ட முகத்தோடு கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் அவசரத்துக்கும் வீட்டு ஆள், மற்றதுக்கு வேறு ஆள் என்று பிரித்தோம்.

அண்ணாவுக்கு இதில் குழப்பமே இல்லை. அவர் அங்கே செய்யும் வேலையே இதுதான். அவுஸ்திரேலியாவில் 2013 சட்டத்தின்படி வந்த என்.டி.ஐ.எஸ். என்ற தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டத்தில், தகுதி பெற்றவருக்கு அவர் பெயரிலேயே ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். அதில் சமூகப் பங்கேற்புக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. அண்ணா கிழமைக்கு இரண்டு நாள் ஒருவரை நீச்சல் குளத்துக்கும் ஒரு நாள் இன்னொருவரைச் சந்தைக்கும் கூட்டிக்கொண்டு போகிறார். சம்பளம் அந்தத் தொகையில் இருந்து வருகிறது. "நான் அவருக்கு வேலைக்காரன், அவற்ற அம்மாக்கு இல்லை" என்று ஒரு வசனம் சொன்னார். நான் கொப்பியில் எழுதி வைத்தது அதைத்தான். எங்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது. அரசாங்கம் தரும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025 இல் மாதம் 7,500 இல் இருந்து 10,000 ரூபாய் ஆனது. அதற்குள் சலம் போகப் போடும் குழாயான கதீட்டர், பம்பஸ், கிளினிக் போக்குவரத்து எல்லாம் வர வேண்டும். ஆனால் அண்ணாவின் அந்த வசனத்துக்குக் காசு தேவையில்லை.

கூலிக்கு ஆள் தேடினோம். முதலில் வந்தவர் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவர். தூக்குவது, கதீட்டர் மாற்றுவது எல்லாம் அத்துப்படி. சந்திக் கடையில் முதலாளி, "இவருக்கு என்ன வேணும்?" என்று அவரிடம் கேட்க, அவரும் "பிளேன்ரீ குடுங்கோ, சீனி குறைச்சு" என்று சொல்லிவிட்டார். தம்பிக்குச் சீனி குறைக்க வேண்டிய வருத்தம் ஒன்றும் இல்லை. மூன்று நாளில், "அக்கா, இவர் நல்ல நேர்ஸ். எனக்கு நேர்ஸ் வேண்டாம்" என்றான்.

இரண்டாவது, பக்கத்து வளவுப் பெடியன். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். ஒன்றும் தெரியாது. ஆனால் தம்பியோடு கிரிக்கெட் கதைப்பான், அதுவும் எதிர்க்கட்சி. தம்பியே இருந்து அவனுக்குப் பழக்கினான். படியில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டும், முன்னால் தள்ளினால் ஆள் குப்புற விழும். கைபிடியில் பிடித்துத் தூக்கக் கூடாது, கழன்று வரும். நிறுத்தினால் முதல் வேலை பிரேக். சலம் சேரும் பையின் (சலப்பையின்) குழாய் தொடைக்குக் கீழே மடிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் பார்க்க வேண்டும். மடிந்தால் சலம் தேங்கும், தேங்கினால் காய்ச்சல். இரண்டு பின்னேரத்தில் பெடியன் பிடித்துவிட்டான். ஆஸ்பத்திரிக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்ததால், தம்பி சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இருக்கவில்லை.

கூலி சனிக்கிழமை அரை நாளுக்கு 1,500 ரூபாய். மாதம் நாலு சனி என்றால் 6,000. கொடுப்பனவில் பாதிக்கு மேல் போகிறது, மிச்சத்துக்கு அண்ணாவும் நானும். ஒரு ஒழுங்கு மட்டும் வைத்தோம். காசு தம்பியின் கையால்தான் போகும், எத்தனை மணிக்கு வருவது என்று பெடியன் தம்பியிடம்தான் கேட்க வேண்டும். அம்மா முதல் மாதம் முழுக்க வாசலில் நின்று "எத்தினை மணிக்கு வருவியள்?" என்று கேட்டுப் பார்த்தார். இருவருமே பதில் சொல்லவில்லை.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பெடியன்கள் நிற்க மாட்டார்கள். முடிவு வந்தால் கம்பஸ், வராவிட்டால் கொழும்பு அல்லது வெளிநாடு. பெண்ணுக்கு என்றால் கதை இன்னும் இறுக்கம். துணைக்குப் பெண் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் ஊர் வாய் சும்மா இருக்காது. உடம்பைத் தொட்டு உதவுகிற வேலையில் அத்துமீறலுக்கு இடம் உண்டு, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தொடக்கத்தில் நாலைந்து முறை வீட்டார் ஒருவர் கூடவே போக வேண்டும். துணையோடு போகிறவரின் கையில் அவருடைய சொந்தப் போன் இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் காரணம் கேட்டு நச்சரிக்காமல் நிறுத்த வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அதைப் போனில் போட்டு வைப்பதில் நட்டமில்லை.

தொண்டர்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மார்கழி 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். அன்றைக்கு உலருணவுப் பொதியும் பனரும் படமும் வரும். மார்கழி 4 யாரும் வருவதில்லை. விதிவிலக்காக ஒரு இளைஞர் கழகம் மாதம் ஒருமுறை ஒழுங்காக வந்து கரம் விளையாடுவதாகப் பக்கத்து ஊரில் சொல்கிறார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் கையை விடாதீர்கள். கிடைக்காவிட்டால் காத்திருக்கவும் வேண்டாம்.

தன்னைப் போன்றவர்களின் சங்கம் என்ற வழியை நான் முதலில் குறைத்துத்தான் மதிப்பிட்டேன். வருத்தக்காரரை வருத்தக்காரரோடு விட்டால் வருத்தக் கதைதானே வளரும் என்று நினைத்தேன். மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று உயிரிழை என்ற அமைப்பு இருக்கிறது. ஏ34 வீதியில் எங்கள் பக்கத்துப் பஸ் நேரே மாங்குளம்தான் போகிறது. ஆனால் சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் ஏறுவது நடக்கிற காரியமா? ஓட்டோவில் போனோம்.

அந்தப் பக்கத்தில் தம்பியைப் போல இன்னும் நாலைந்து பேர் பழக்கமானார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் வீட்டில் எல்லாரும் டிவியில் மட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் திடீரென்று இரண்டு கையையும் ஊன்றி உடம்பை நாற்காலியில் இருந்து தூக்கினார். கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றார், பிறகு இருந்தார். கொஞ்சம் கழித்துத் திரும்பவும். ஏதோ நோகிறது என்று நான் பயந்துபோனேன். தம்பி சிரித்தான். "நாலு ஓவருக்கு ஒருக்கா அண்ணை எழும்புவார்." ஒரே இடத்தில் பாரம் அழுத்தினால் உணர்ச்சியில்லாத தோலில் புண் வரும், கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாரத்தை எடுக்க வேண்டும் என்று எங்களுக்கு எத்தனை தடவை கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள்! அம்மா எத்தனை தடவை கத்தியிருப்பார்! தம்பி காதிலேயே வாங்கவில்லை. நாலு ஓவர் என்றதும் பிடித்துக்கொண்டான். இப்போது மட்ச் இல்லாத நேரத்திலும் அவன் வாய்க்குள் ஓவர் எண்ணுவது எனக்குத் தெரியும்.

அங்கே அவன் யாருக்கும் எதையும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. சலப்பையைப் பார்த்து ஒருவரும் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். எந்த அலுவலகத்தில் சாய்தளம் உண்டு, எந்த மலசலகூடத்துக் கதவுக்குள் நாற்காலி போகும் என்ற தகவல் எல்லாம் அங்கே பேச்சோடு பேச்சாக வரும். வாக்களிப்பு நிலையத்துக்குத் தன் விருப்பப்படி ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போக 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம் இடம் தருகிறது என்பதையே நாங்கள் அங்கேதான் அறிந்தோம். குறை என்றால் தூரம்தான். ஓட்டோக் கூலி ஆளின் கூலியை விடக் கூட. மாதம் ஒருமுறைக்கு மேல் தாங்காது. இடையில் வட்ஸ்அப் குழு ஓடுகிறது. இராத்திரி ஒரு மணிக்கும் யாராவது குரல் பதிவு போடுவார்கள். நித்திரை வராத இரவுகளில் அது சின்னத் துணை இல்லை.

பகல் நிலையம் தம்பிக்குப் பொருந்தாது என்று ஒரே நாளில் தெரிந்துவிட்டது. அதை வைத்து அந்த வழியைக் கழித்துவிடாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமியின் மகள், இருபத்திரண்டு வயது, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி அலகு இருந்தவரை ஒவ்வொரு நாளும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். அது முடிந்த பிறகு மூன்று வருடம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், காலையில் ஏழு மணிக்கு, அதே நேரத்துக்கு. அவளுக்குச் சனிக்கிழமை அரை நாள் துணை போதாது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே ஆட்களோடு, ஒரே வேலை என்ற ஒழுங்குதான் அவளுக்கு நிம்மதி. இப்போது நிலையம் ஒன்றின் வான் வந்து ஏற்றுகிறது. மாமிக்கும் தையல் மெசினில் இருக்க நேரம் கிடைத்திருக்கிறது.

நிலையம் பார்க்கப் போனால் சுவரில் ஒட்டிய படங்களைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளைகள் நிலையத்துக்கு வெளியே கிழமைக்கு எத்தனை முறை போகிறார்கள்? என்ன வேலை செய்வது என்று பிள்ளை தெரிவுசெய்ய முடியுமா? வான் இல்லாத நாளில் என்ன ஏற்பாடு? மாமி முதலில் பார்த்த இடத்தில் நாள் முழுக்க விளக்குத் திரி திரிக்க வைத்தார்கள். இப்போது போகிற இடத்தில் புதன்கிழமை சந்தைக்குக் கூட்டிப்போகிறார்கள். பிள்ளை தானே காசு கொடுத்துக் கீரை வாங்கி வருகிறாள், மிச்சக் காசு எப்போதும் பிழைக்கும். மாமி கீரையைக் கழுவிக்கொண்டே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு வழியைச் சலூன்காரர் காட்டினார். ஆள் பிடித்தோம், பழக்கினோம், சந்திக்குப் போனார்கள், சலூன் வாசலில் ஆறு அங்குலப் படி. சலூன்காரர் பார்த்தார், பின்னால் போய் முதிரைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து சரிவாகப் போட்டார். அது செங்குத்து, பெடியன் தள்ளாமல் ஏற முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. சாய்தளம் 1:12 என்ற சரிவில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆறு அங்குல உயரத்துக்கு ஆறடி நீளம். சலூனுக்கும் றோட்டுக்கும் இடையில் அந்த ஆறடி இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்கான விதிதான் அது, சலூன்காரரை யாரும் கேட்கப் போவதில்லை. அவரே இரண்டு பை சீமெந்து வாங்கினார். சனசமூக நிலையத்துப் பெடியன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மண் போட்டார்கள். மிஞ்சிய சீமெந்தில் நிலையத்தின் வாசலுக்கும் ஒரு சரிவு கட்டினார்கள்.

இப்போது தம்பி சந்திக்குத் தனியாகவே நாற்காலியை உருட்டிப் போகிறான். ஆளுக்குக் கொடுக்கும் காசை விட அந்த இரண்டு பைதான் அதிகம் உழைக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் ஆள் தேடுவதற்கு முன் படிகளை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டுத்திட்ட வீட்டு முன்விறாந்தையிலேயே இரண்டு படி இருந்தது. பக்கச் சில்லு பூட்டிய ஸ்கூட்டி ஒன்றுக்கும் தம்பி காசு சேர்க்கிறான். கையாலேயே ஓடலாம், ஓட்டோச் செலவு பாதியாகும். இறங்கிய இடத்தில் நாற்காலிக்கு என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை.

ஆக, இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு ஒரு கலவைதான். சந்திக்குத் தனியாக. சனிக்கிழமை பெடியனோடு குளக்கட்டு, பொழுதுபட முதல் திரும்பிவிட வேண்டும், இருட்டினால் அந்தப் பக்கம் யானை. மாதம் ஒருமுறை மாங்குளம். கிளினிக்குக்கு மச்சான். பெடியன் போனால் திரும்பத் தேட வேண்டும், தெரியும்.

வற்றாப்பளைக்கும் போய் வந்தார்கள். மணலில் சில்லுப் புதைந்தது. பெடியன் நாற்காலியைத் திருப்பி, முன் சில்லை அந்தரத்தில் வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போனானாம். "அம்மாளாச்சியைப் பிட்டிப் பக்கமாப் பாத்துக்கொண்டு போனன்" என்று தம்பி வந்து சொல்ல, அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

அம்மாவைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. வேலை குறைந்தால் சந்தோசப்படுவார் என்று இருந்தோம். சனிக்கிழமைகளில் முற்றத்தைக் கூட்டிய பிறகும் கூட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டபோதுதான் சொன்னார்: "அவனைக் கூட்டிக்கொண்டு போனாத்தானே மோனை நானும் வெளிய போறனான்." பதினாறு வருடமாகக் கோயிலும் கலியாணவீடும் அவருக்குத் தம்பியின் நாற்காலியின் பின்னால் நின்று பார்த்ததுதான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பெடியனின் அம்மம்மா வந்து படலையில் கூப்பிடுவார். இரண்டு பேரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்காள் நின்று நின்று, தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டோ பிடிக்கச் சந்திக்கு நடப்பார்கள். தம்பி சலூன் வாசலில் இருந்து, "எத்தினை மணிக்கு வருவியள்?" என்று கத்துவான்.